மலுஸ் ஏறிய பிறகு: இரண்டு வருடக் கணக்கு

விபத்தால் கட்டணம் கூடி மலுஸ் ஏறியவர், பெர்மி என்ற சாரதி அனுமதிப்பத்திரம் பறிபோய்த் திரும்பக் கிடைத்தவர், கம்பனி வெட்டிவிட்டவர் ஆகிய மூவருமே மலிவான காப்புறுதியைத் தேடிப் பரிசின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் கடை கடையாக ஏறி இறங்குவார்கள். அதற்கு முன் ஒரு நாட்காட்டியை எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. பிரான்சில் இப்படிப்பட்ட சாரதி மேல் விழும் சுமைகளில் முக்கியமானவற்றுக்குச் சட்டமே முடிவுநாள் வைத்திருக்கிறது. அந்த முடிவுநாள் பெரும்பாலும் இரண்டு வருடம். காப்புறுதி அறாமல், பொய் எழுதாமல், இன்னொரு விபத்தில் மாட்டாமல் அந்த இரண்டு வருடத்தைக் கடந்தவர் பழைய விலைக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறார். இந்த அத்தியாயம் அந்த இரண்டு வருடத்தைப் பற்றியது.

வெளிநாட்டு உறவினரின் ஆலோசனையைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். அமெரிக்காவில் உள்ளவர் எஸ்ஆர்-22 என்று ஒரு பத்திரத்தைப் பற்றிச் சொல்வார். அங்கே ஆபத்தான சாரதி என்று குறிக்கப்பட்டவருக்காகக் கம்பனியே மாநில அரசிடம் தாக்கல் செய்யும் சான்று அது, அநேகமாக மூன்று வருடம் ஓடும். பிரான்சில் அப்படியொரு பத்திரம் கிடையாது. இங்கே காப்புறுதி செய்த வாகனங்கள் ஒரு மத்திய பதிவேட்டில் இருக்கின்றன. 2019 முதல் பொலிசார் நம்பர் தகட்டைத் தட்டினாலே காப்புறுதி இருக்கிறதா இல்லையா என்று திரையில் வந்துவிடும். 2024 ஏப்ரல் 1 முதல் கண்ணாடியில் ஒட்டும் பச்சைத் துண்டும் இல்லை, காப்புறுதிச் சான்றாகக் காட்டிய பச்சைக் கார்த்தும் இல்லை. ஆகவே பழைய துண்டை ஒட்டிக்கொண்டு சமாளிக்கும் காலம் போய்விட்டது.

பரிஸ் பத்தாம், பதினெட்டாம் வட்டாரங்களின் வாடகைக்குத் தப்பி றேர்-டே ரயில் பாதை வழியே கார்ஜ்-சார்செல், வில்லியே-லு-பெல், கூசேன்வில் என்று குடியேறிய குடும்பங்களுக்குக் கார் ஆடம்பரம் அல்ல. றுவாசி விமான நிலையத்தில் விடியற்காலை வேலை, பரிஸ் உணவகத்தில் நள்ளிரவு வரை குசினி வேலை. ரயில் நின்ற பிறகு வீடு வர வேறு வழி இல்லை. காப்புறுதி போனால் வேலையும் ஆட்டம் காணும். அந்தப் பதற்றத்தில்தான் பலர் பிழையான கையெழுத்துப் போடுகிறார்கள்.

கணக்கு ஏறும் விதம்

அடிப்படைக் கட்டணத்தைப் பெருக்கும் எண்தான் குணகம்; அது 1.00ஐத் தாண்டினால் மலுஸ். எல்லாரும் 1.00 என்ற குணகத்தில் தொடங்குகிறோம். தாளில் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி இருக்கும், 1,00 என்று. பிழையில்லாமல் ஒரு வருடம் ஓடினால் அது 0.95ஆல் பெருக்கப்படும். இப்படி 13 வருடம் போனால் 0.50, அதற்குக் கீழே இறங்காது. முழுப் பிழையும் உங்களுடையதான ஒவ்வொரு விபத்துக்கும் 1.25ஆல் பெருக்குவார்கள், பாதிப் பிழை என்றால் 1.125ஆல். உச்சம் 3.50. மூன்று வருடமாக 0.50இல் இருப்பவருக்கு முதல் விபத்து மன்னிக்கப்படும்.

உதாரணமாக 1.00இல் இருந்த ஒருவர் ஒரே வருடத்தில் இரண்டு தடவை பின்னால் போய் இடித்தார் என்று வைப்போம். 1.25, பிறகு 1.56. அடுத்த வருடம் ஒன்றும் நடக்கவில்லை, 1.48. அதற்கடுத்த வருடமும் சுத்தம் என்றால் வெறும் பெருக்கலில் 1.40 வர வேண்டும். ஆனால் வராது. தொடர்ந்து இரண்டு வருடம் விபத்தில்லாதவருக்குக் குணகம் 1.00ஐத் தாண்டக் கூடாது என்று விதி சொல்கிறது. 3.50இல் இருந்தவருக்கும் அதுவே. மலுஸ் என்றால் ஆயுள் தண்டனை என்று நினைப்பவர்கள் இந்த வரியை இரண்டு தரம் வாசிக்க வேண்டும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. "காரை வித்துப்போட்டு ரெண்டு வருசம் சும்மா இருந்தால் மலுஸ் தானாப் போயிடும்" என்று சொல்பவர்கள் நிறைய. போகாது. காப்புறுதி இல்லாமல் கழிந்த காலம் இந்த எண்ணிக்கையில் சேராது. விட்ட இடத்தில் குணகம் அப்படியே நிற்கும். சின்னக் கார் ஒன்றை ஆகக் குறைந்த காப்புறுதியில் வைத்து ஓட்டுபவரே கரை சேருகிறார்.

மலுசுக்கு வெளியே இன்னொரு சுமை உண்டு, கூடுதல் கட்டணம். விபத்துக்குக் காரணமானவர் மது போதையில் இருந்திருந்தால் அடிப்படைக் கட்டணத்தில் 150 வீதம் வரை. வீதிக் குற்றத்துக்காகப் பெர்மி 2 முதல் 6 மாதம் வரை நிறுத்தப்பட்டிருந்தால் 50 வீதம், 6 மாதத்துக்கு மேல் 100 வீதம், முற்றாக ரத்தானால் 200 வீதம். இடித்துவிட்டு ஓடியவருக்கு 100. எல்லாம் சேர்ந்தாலும் 400 வீதத்தைத் தாண்டக் கூடாது. அடிப்படைக் கட்டணம் 600 யூரோ என்று வைத்தால், குணகம் 1.25க்கு 750, மதுவுக்காக மேலும் 900, மொத்தம் 1650 வரை கேட்கலாம். கூடுதல் கட்டணத்தைக் குணகத்தால் பெருக்கக் கூடாது, அடிப்படை மீதுதான் கணக்கிட வேண்டும். விலைத்தாளைக் கையில் எடுத்து இதைப் பாருங்கள். இந்தக் கூடுதல் ஒவ்வொன்றும் இரண்டு வருடத்தில் நீங்க வேண்டும்.

கம்பனி எப்போது வெட்டலாம்

விபத்து நடந்த உடனே, வருடத்தின் நடுவில், கம்பனி நினைத்தபடி வெட்ட முடியாது. சாரதி மது அல்லது போதைப்பொருள் எடுத்திருக்க வேண்டும், அல்லது குற்றத்துக்காகப் பெர்மி ஒரு மாதமாவது நிறுத்தப்பட்டிருக்க வேண்டும் அல்லது ரத்தாகியிருக்க வேண்டும். ஒப்பந்தத்திலும் அந்த உரிமை எழுதப்பட்டிருக்க வேண்டும். அப்போதும் ஒரு மாத அவகாசம் உண்டு. மற்ற விபத்துகளுக்கு அவர்கள் வருட முடிவுத் திகதிக்குக் காத்திருந்து, இரண்டு மாதத்துக்கு முன் அறிவித்துத்தான் வெட்டலாம்.

இதில் உங்களுக்கும் ஒரு வாய்ப்பு இருக்கிறது. ஒப்பந்தம் ஒரு வருடத்தைத் தாண்டியிருந்தால், 2015 தொடக்கம் நடைமுறையில் உள்ள அமோன் சட்டப்படி எந்த நேரமும் கம்பனி மாறலாம். பழைய ஒப்பந்தத்தை முடிக்கும் கடிதத்தைப் புதிய கம்பனியே அனுப்பும். ஒரே வருடத்தில் இரண்டு விபத்து வந்துவிட்டதா? வெட்டுக் கடிதம் வரும்வரை இருக்காமல் முந்திக்கொண்டு மாறுங்கள். விபத்துகள் உங்கள் வரலாற்றில் இருக்கத்தான் செய்யும், ஆனால் கம்பனியால் வெட்டப்பட்டவர் என்ற குறி விழாது. விண்ணப்பப் படிவங்களில் அநேகமாகக் கேட்கப்படும் ‘கடந்த 36 மாதங்களில் உங்களை எந்தக் கம்பனியாவது வெட்டியதா’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று உண்மையாகவே எழுதலாம். அந்த ஒரு சொல் விலையில் பெரிய வித்தியாசம் தரும்.

நம்மவர்கள் அதிகம் விழும் குழி விபத்தைவிடக் கட்டாத மாதப் பணம்தான். வங்கி மாறியது, புதிய எண்ணைக் கொடுக்கவில்லை. மாதக் கடைசியில் கணக்கில் பணமில்லை, தவணை எடுபடவில்லை. பணம் கட்ட வேண்டிய நாளிலிருந்து 10 நாள் கழித்துக் கம்பனி பதிவுத் தபாலில் எச்சரிக்கை அனுப்பலாம். அனுப்பி 30 நாளில் பாதுகாப்பு நிற்கும். மேலும் 10 நாளில் ஒப்பந்தத்தையே வெட்டலாம்.

இந்த 30 நாள் ஓடத் தொடங்குவது கடிதம் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல. நீங்கள் கொடுத்த கடைசி விலாசத்துக்கு அது அனுப்பப்பட்டாலே போதும். இதனால்தான் தபால்பெட்டியைப் பற்றி ஒரு காப்புறுதி அத்தியாயத்தில் எழுத வேண்டியிருக்கிறது. மாடிக் குடியிருப்பின் கீழ்வாசலில் வரிசையாக இரும்புப் பெட்டிகள். ஒரு பெட்டியில் பழைய குடியிருப்பாளரின் பெயர், அதன்மேல் பேனாவால் எழுதி ஒட்டிய துண்டில் மூன்று பெயர்கள், உங்கள் பெயர் மழைக்கு ஊறி அழிந்துவிட்டது. தபால்காரர் பதிவுத் தபாலைத் திருப்பிக் கொண்டுபோகிறார். அல்லது அறிவிப்புத் துண்டு பீட்சா விளம்பரங்களோடு குப்பைக்குப் போகிறது. 15 நாள் தபால் நிலையத்தில் கிடந்த கடிதம் திரும்பிப் போகிறது. நீங்கள் காப்புறுதி இல்லாமல் றுவாசிக்குப் போய் வந்துகொண்டிருக்கிறீர்கள், உங்களுக்கே தெரியாது.

விசாவுக்காக ஒரு விலாசம், வீட்டு வாடகைக்கு இன்னொரு விலாசம், கார்த் கிறிஸ் என்ற வாகனப் பதிவுப் பத்திரத்தில் மச்சானின் விலாசம் என்று வைத்திருப்பவர்கள் இன்றைக்கே அதை ஒழுங்காக்குங்கள். வீடு மாறி ஒரு மாதத்துக்குள் கார்த் கிறிசில் விலாசம் மாற்றுவது சட்டம். மாற்றாவிட்டால் 135 யூரோ தண்டம். புள்ளிகள் எல்லாம் போய்ப் பெர்மி செல்லாது என்று அறிவிக்கும் கடிதமும் பதிவுத் தபாலில்தான் வரும்.

எச்சரிக்கைக் கடிதம் வந்துவிட்டால் ஒளிக்க வேண்டாம். ஒப்பந்தம் வெட்டப்படுவதற்குள் நிலுவையை முழுதாகக் கட்டினால் மறுநாள் மதியம் 12 மணிக்குப் பாதுகாப்பு மீண்டும் தொடங்கும். பாதித் தொகை கட்டி, போனில் மன்னிப்புக் கேட்பது போதாது.

"மனிசியின்ர பேரில எழுதினால் என்ன?"

லாச்சப்பல் தேநீர்க் கடைகளில் வழக்கமாக நடக்கும் உரையாடல்:

"அண்ணை, எனக்கு மலுஸ். காரை மனிசியின்ர பேரில எழுதிப்போட்டு நான் ஓடினால் ஆர் கேக்கப் போறான்?"

"இடிக்கிற வரைக்கும் ஒருத்தனும் கேக்க மாட்டான் தம்பி."

அண்ணை சொன்னது முழு உண்மை. காரை வழக்கமாக ஓட்டுபவர் யார் என்று கம்பனி கேட்கிறது. வேண்டுமென்றே பொய் சொன்னால் ஒப்பந்தமே செல்லாது, கட்டிய பணமும் திரும்பாது. விபத்தில் அடிபட்ட மூன்றாம் ஆளுக்குக் கம்பனி நட்டஈடு கொடுக்கும், பிறகு அந்தத் தொகையை உங்களிடம் திருப்பிக் கேட்கும். பிரான்சில் உடற்காயத்துக்கான பாதுகாப்புக்கு உச்சவரம்பு கிடையாது. ஒரு இளைஞன் முடமானால் அந்தக் கணக்கு நீங்கள் ஆயுள் முழுக்க உழைத்தாலும் தீராது. மனைவியையும் அந்தக் கடனுக்குள் இழுத்துவிடுகிறீர்கள்.

மனைவியே உண்மையில் அதிகம் ஓட்டுபவர் என்றால் அது வேறு கதை. அவரை முதன்மைச் சாரதியாகவும் உங்களை இரண்டாம் சாரதியாகவும், உங்கள் மலுசையும் வெட்டப்பட்ட வரலாற்றையும் மறைக்காமல் எழுதுங்கள். விலை கொஞ்சம் ஏறும், ஆனால் ஒப்பந்தம் நிற்கும்.

விலாசத்திலும் இதே வேலை நடக்கிறது. 95190 என்று தபால் குறியீடு எழுதினால் விலை கூடுதல் என்று, கிராமத்தில் இருக்கும் தம்பியின் விலாசத்தைக் கொடுப்பார்கள். இரவில் கார் எங்கே நிற்கிறது என்பதுதான் கேள்வி. கூசேன்வில் நிலையத்துக்குப் பக்கத்தில் தினமும் நிற்கும் காரை வேறு ஊரில் நிற்பதாக எழுதுவதும் பொய்தான். சொந்தக் காரில் கடைச் சாமான் விநியோகம் செய்பவர்கள், உணவு கொண்டுபோய்க் கொடுப்பவர்கள், காசுக்கு ஆட்களை விமான நிலையத்தில் இறக்குபவர்கள், வேலைக்குப் போய்வரும் பாவனை என்று எழுதியிருந்தால் அது இந்த ஓட்டங்களைக் காக்காது.

முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் ‘மலுஸ் பிரச்சினை இல்லை, ஒரே நாளில் தாள்’ என்று அழைப்பவர்களைப் பற்றி ஒரே ஒரு வரி: தரகர் ஓறியாஸ் என்ற பதிவேட்டில் இருக்கிறாரா என்று இணையத்தில் பாருங்கள், இல்லையென்றால் தமிழ் பேசுகிறார் என்பதற்காகப் பணம் கொடுக்காதீர்கள்.

ஒருவரும் எடுக்காவிட்டால்

இந்த நாட்டில் வாகனக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியது 1958 பெப்ரவரி 27 சட்டம். கட்டாயம் என்று சொல்லிவிட்டு ஒருவரும் தரமாட்டோம் என்றால் எப்படி? அதற்காக உருவானது புறோ சந்த்றால் து தறிஃபிக்கசியோன், சுருக்கமாக பே.சே.தே. நம்மவர்களில் பலர் இந்தப் பெயரையே கேட்டதில்லை. கேட்டவர்களும் அது பெரிய வழக்கு என்று பயந்து விடுகிறார்கள். வழக்கறிஞர் தேவையில்லை, சேவைக்குக் கட்டணமும் இல்லை.

உங்களுக்குப் பிடித்த ஒரு கம்பனியைத் தெரிவு செய்து, கட்டாயப் பாதுகாப்பு மட்டும் கேட்டு, ஏற்புச் சீட்டோடு பதிவுத் தபாலில் விண்ணப்பம் அனுப்புங்கள். மறுத்து எழுதினால் அந்தக் கடிதத்தைப் பத்திரப்படுத்துங்கள். 15 நாளில் பதிலே வராவிட்டாலும் மறுப்பு என்றே கணக்கு. மறுப்பு வந்ததிலிருந்து 15 நாளுக்குள் பே.சே.தே.வுக்கு எழுத வேண்டும். இந்த 15 நாளைத் தவறவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பே.சே.தே. விலையைத் தீர்மானிக்கும், அந்த விலையில் கம்பனி உங்களை ஒரு வருடத்துக்கு எடுத்தே ஆக வேண்டும். விலை மலிவாக இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கார் திருட்டு, உங்கள் காரின் சேதம் எதுவும் இதில் வராது. ஆனால் நீங்கள் மீண்டும் காப்புறுதி உள்ளவர் ஆகிறீர்கள், இரண்டு வருடக் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. கனடாவில் ஒன்ராறியோவிலும் வேறு இடங்களிலும் இருப்பவர்கள் ஃபசிலிற்றி அசோசியேசன் என்று சொல்வதும் கிட்டத்தட்ட இதே கடைசிக் கதவுதான்.

பே.சே.தே.யின் முடிவு வரும்வரை கார் ஓடக் கூடாது, வீதியிலும் நிற்கக் கூடாது. நிற்கும் காருக்கும் காப்புறுதி கட்டாயம். பெர்மி நிறுத்தப்பட்டிருக்கும் மாதங்களிலும் இதே விதி, ஓடவில்லையே என்று காப்புறுதியை நிறுத்திவிடாதீர்கள். பெர்மி நிறுத்தப்பட்டதை 15 நாளுக்குள் கம்பனிக்கு அறிவிக்கவும் வேண்டும்.

காப்புறுதி இல்லாமல் பிடிபட்டால் முதல் தடவை 500 யூரோ நிலையான தண்டத்தோடு விடலாம். நீதிமன்றம் போனால் 3750 யூரோ வரை, அதோடு உத்தரவாத நிதியத்துக்கென மேலும் 50 வீதம், பெர்மி நிறுத்தம், கார் பறிமுதல். இடித்துவிட்டால் அடிபட்டவருக்கு அந்த நிதியம் பணம் கொடுத்துவிட்டு உங்களைத் தேடி வரும்.

எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக் கூடாது

இந்த இரண்டு வருடத்துக்குப் பெரிய கார் வேண்டாம். கல்யாணத்துக்கு எடுத்த பெரிய ஜெர்மன் காரை வைத்துக்கொண்டு மலிவு தேடுபவருக்கு எந்தத் தரகராலும் உதவ முடியாது. குதிரைவலு குறைந்த பழைய சின்னக் கார், மூன்றாம் ஆளுக்கான கட்டாயப் பாதுகாப்பு மட்டும் தரும் ஓ தியேர் காப்புறுதி போதும். மாற்றுக் கார், கண்ணாடி, உள்ளே வைத்த பொருட்கள் என்று வரும் சேர்க்கைகளை ஒவ்வொன்றாக வெட்டுங்கள். தூரம் குறைவாக ஓடுபவர்கள் கிலோமீற்றர் கணக்கு ஒப்பந்தத்தைக் கேட்டுப் பார்க்கலாம். தரகரின் கோப்புக் கட்டணம் எவ்வளவு என்று கையெழுத்துக்கு முன் எழுத்தில் வாங்குங்கள்; வருட விலை குறைந்து, கோப்புக் கட்டணம் கூடிய ஒப்பந்தங்கள் உண்டு.

ஒன்றை மட்டும் வெட்டாதீர்கள்: சாரதிக்கான உடற்காயப் பாதுகாப்பு. ஓ தியேர் காப்புறுதியில் பக்கத்தில் இருந்த மனைவிக்கும் பின்னால் இருந்த பிள்ளைகளுக்கும் நட்டஈடு உண்டு. பிழை செய்த சாரதிக்கு, அதாவது உழைத்துக் கொடுக்கும் உங்களுக்கு, தனியாக அந்தப் பாதுகாப்பு இல்லாவிட்டால் எதுவும் கிடைக்காது. வருடத்துக்குச் சிறு தொகைதான், அதையும் மிச்சம் பிடிப்பது புத்தியில்லாத சிக்கனம்.

கைக்காசு இருந்தால் வருடம் முழுவதையும் ஒரே தடவையில் கட்டுங்கள். மாதத் தவணைக்குக் கூடுதல் எடுக்கிறார்கள் என்பது ஒரு காரணம். வங்கியில் தவணை எடுபடாத மாதம் என்ற பேச்சே வராது என்பது அதைவிடப் பெரிய காரணம்.

இரண்டு வருடம் முடிந்ததும்

றெலவே தன்ஃபொர்மாசியோன் என்ற தாள்தான் உங்கள் சாதகம். கடந்த 5 வருட விபத்துகள், யாருடைய பிழை எவ்வளவு, இன்றைய குணகம் எல்லாம் அதில் இருக்கும். நீங்கள் கேட்டால் 15 நாளில் கம்பனி தர வேண்டும். கேட்டு வாங்கி வரி வரியாகப் பாருங்கள். பாதிப் பிழை என்று கோன்ஸ்தா என்ற விபத்து அறிக்கையில் முடிந்த விபத்து முழுப் பிழையாக ஏறியிருக்கிறதா? வேறொருவர் தரிப்பிடத்தில் உங்கள் காரை உரசியது உங்கள் கணக்கில் இருக்கிறதா? குணகக் கணக்கு வருட முடிவுக்கு இரண்டு மாதம் முன் முடியும் 12 மாதத்தைப் பார்க்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். கடைசி இரண்டு மாத விபத்து அடுத்த வருடத்துக்குப் போகும்.

வெட்டப்பட்டவர்களின் விபரம் அஜிரா என்ற கோப்பில் இருக்கும், காரணத்தைப் பொறுத்து 2 முதல் 5 வருடம் வரை. அதில் உங்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவும், பிழையென்றால் திருத்தச் சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. அதற்குப் பிறகு புதிய விலை கேட்டு நாலைந்து இடங்களுக்கு எழுதுங்கள். இரண்டு வருடம் உங்களைச் சுமந்த கம்பனிக்கு நன்றிக்கடன் என்று அங்கேயே இருக்க வேண்டாம், உயர்ந்த விலைக்குத்தான் சுமந்தார்கள்.

வருட அறிவிப்பில் கூடுதல் கட்டணம் இன்னும் தொடர்ந்தால் கம்பனியின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுத்தில் போடுங்கள். இரண்டு மாதத்தில் சரியான பதில் இல்லையென்றால் காப்புறுதி மத்தியஸ்தரிடம் போகலாம். அங்கே முறையிடக் காசு வேண்டாம். திகதிகளோடு ஒழுங்காக அடுக்கிய தாள்களும், பிரெஞ்சில் எழுதிய ஒரு பக்கக் கடிதமும் வேண்டும்.